ஒரே எண் போட்ட டின்

எர்மினியாவின் மினிபஸ்ஸில் வேகம் காட்டும் முள்ளும், சூடு காட்டும் முள்ளும், எண்ணெய் அழுத்தம் குறைந்தால் எரியும் விளக்கும் ஓட்டுகிறவருக்கு முன்னால் இல்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிற பயணிக்கு முன்னால் இருந்தன. வலப்பக்க ஸ்டியரிங்கோடு ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டி அது. எல் ஆல்தோவில் ஒரு பட்டறைக்காரர் ஸ்டியரிங்கை வெட்டி இடப்பக்கம் வைத்துக் கொடுத்தார். மீட்டர்களையும் இந்தப் பக்கம் கொண்டுவர இன்னும் ஒரு வாரம் ஆகும் என்றார். ஒரு வாரம் வண்டி சும்மா நிற்பதா என்று எர்மினியாவின் கணவன் அனக்லேத்தோ அப்படியே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். அது பதினேழு வருடத்துக்கு முந்திய கதை.

அதனால் முன்சீட்டில் ஏறுகிற ஆள் எவராக இருந்தாலும் கால் மணி நேரத்தில் மெக்கானிக் ஆகிவிடுவார். வேகம் அறுபதைத் தாண்டிவிட்டது என்பார், சூடு ஏறுகிறது என்பார். எண்ணெய் விளக்கு சிவப்பாகக் கண் சிமிட்ட ஆரம்பித்த பிறகு இந்தத் தொல்லை பொறுக்க முடியாமல் போயிற்று. அனக்லேத்தோ கோபகபானா மாதா ஸ்டிக்கர் ஒன்றை வாங்கி அந்த விளக்கின் மேலேயே ஒட்டினான். பயணிகள் சிலுவை போட்டுக்கொண்டு வாயை மூடினார்கள். விளக்கு என்னவோ அதுபாட்டுக்கு உள்ளே சிமிட்டிக்கொண்டுதான் இருந்தது.

பிறகு அனக்லேத்தோவின் முழங்கால் ஒரேயடியாகப் போனது. கிளட்ச் மிதிக்க முடியவில்லை. ஆறு வருடமாக எர்மினியாதான் ஓட்டுகிறாள். லா பாஸில் வில்லா பாத்திமா நிலையத்திலிருந்து கிளம்பி, கும்ப்ரே உச்சியின் பனியில் ஏறி, மறுபக்கம் இறங்கி, வாழைத்தோட்டமும் கொசுவுமாக வேர்த்துக் கொட்டுகிற காரணாவி வரைக்கும் போவாள், வருவாள். ஒரே நாளில் கம்பளிக் கோட்டும் போடவேண்டும், கைவிசிறியும் பிடிக்கவேண்டும். அந்தத் தடத்தின் ஓட்டுநர் சங்கத்தில் நாற்பத்தொரு வண்டிகள். பெண் ஓட்டுவது இரண்டே இரண்டு.

தூரம் எண்ணும் மீட்டர் நான்கு லட்சத்து எண்பத்தேழாயிரம் கிலோமீட்டரில் நின்று பல வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு ஓடியதை யாரும் எண்ணவில்லை. குளிரில் என்ஜினைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. கீழே காரணாவி வெயிலுக்கு இறங்கி வண்டி நிற்கும்போதுதான் உள்ளே யாரோ கரண்டியால் பானையைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். பேரிங்குகள் தேய்ந்து இடைவெளி விழுந்துவிட்டது. சூட்டில் தண்ணீராகிப்போன எண்ணெய் அந்த இடைவெளியில் நிற்காமல் ஓடிவிடுகிறது. இது எர்மினியாவுக்கும் தெரியும், அனக்லேத்தோவுக்கும் தெரியும். என்ன செய்வது என்பதில்தான் ஒரு வருடமாக வீட்டில் சண்டை.

"கொஞ்சம் கெட்டியான எண்ணெயா ஊத்துவோம்னு எத்தனை தடவ சொல்றது," என்பாள் எர்மினியா.

"வண்டிப் புத்தகத்துல பத்து-முப்பது நம்பர் எண்ணெய்னு போட்டிருக்கு."

"புத்தகம் எழுதினப்போ வண்டி புதுசு. நீயும் அப்போ ரெண்டு காலால நடந்துக்கிட்டு இருந்தே."

அதோடு அனக்லேத்தோ கைத்தடியை ஊன்றி எழுந்துவிடுவான். சூப் கிண்டப் போய்விடுவான். வண்டி மறுநாளும் பத்து-முப்பதோடு கிளம்பும், வழியில் ஒரு லிட்டரைக் குடித்துவிட்டுத் திரும்பி வரும்.

ஜூன் இருபத்துமூன்றாம் தேதி, சான் ஹுவான் பண்டிகைக்கு முந்திய நாள். காரணாவி நிலையத்தில் வண்டியை நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, எர்மினியா மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தாள். முன்சீட்டில் வந்த கொக்கா இலை வியாபாரி அம்மாள் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, மாதா முகம் செவந்துபோச்சே. கவனிச்சியா?"

எர்மினியா எட்டிப் பார்த்தாள். ஸ்டிக்கருக்குப் பின்னால் விளக்கு சிமிட்டவில்லை. நின்று எரிந்தது. மாதாவின் முகம் மிளகாய்ப் பழம் போல இருந்தது. பானைச் சத்தமும் கூடியிருந்தது. சட்டென்று சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தினாள்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு வில்லா பாத்திமாவில் வரிசையில் முதலில் கிளம்பவேண்டிய முறை அவளுடையது. சங்கத்தில் முறை என்றால் முறைதான். பெயர் கூப்பிடும்போது வண்டி வரிசையில் என்ஜின் ஓடிக்கொண்டு நிற்கவேண்டும். ஒரு வருடத்தில் மூன்று தடவை தவறினால் இடம் போய்விடும், காத்திருப்புப் பட்டியலில் முதலில் இருப்பவருக்குப் போகும். எர்மினியா இரண்டு தவறியிருந்தாள். ஒன்று பேட்டரியால், இன்னொன்று சேறு சரிந்து சாலை மூடியதால். சேற்றுக்கு நான் என்ன செய்வேன் என்று வாதாடிப் பார்த்தாள். மற்றவர்கள் முந்தின நாளே வந்துவிட்டார்களே என்று சொல்லிவிட்டார்கள். காத்திருப்புப் பட்டியலில் முதல் பெயர் ருஃபினோ தீக்கோனா. அவள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருக்கிறான்.

நிலையத்துக்கு எதிரே ஒஸ்வால்தோவின் எண்ணெய்க் கடை. அவன் பனியனோடு உட்கார்ந்து ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டிருந்தான். எர்மினியா சொன்னதைக் கேட்டுவிட்டு, யோசிக்காமல் மேல் தட்டிலிருந்து ஒரு டின்னை இறக்கினான்.

"இந்த ஐம்பது நம்பரை ஊத்துங்க தோன்யா எர்மினியா. இங்க லாரிக்காரன், டிராக்டர்காரன் எல்லாரும் இதுதான். தேன் மாதிரி நிக்கும்."

மூடியைத் திறந்து விரலில் தொட்டுக் காட்டினான். எண்ணெய் விரலை விட்டு இறங்க மனமில்லாமல் தொங்கியது. எர்மினியாவுக்கு அதைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. ஒரு வருடம் வாயால் சொன்னது இப்போது கண்ணெதிரே தொங்கியது. அங்கேயே மரத்தடியில் பழைய எண்ணெயை இறக்கி ஒஸ்வால்தோவின் பீப்பாயில் கொட்டிவிட்டு, புதியதை ஊற்றினாள். சாவியைத் திருப்பினாள். சூடாக இருந்த என்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. பானைச் சத்தம் இல்லை. மாதாவின் முகம் வெளுத்தது.

திரும்பும் வழி முழுக்க அவளுக்கு ஏக சந்தோஷம். கும்ப்ரே ஏற்றத்தில் எப்போதும் பின்னால் நீலமாகப் புகை வரும், அன்று அதுவும் இல்லை. இவ்வளவு சுலபமான காரியத்துக்கு ஒரு வருடம் அந்த மனுஷனிடம் மல்லுக்கட்டினோமே என்று நினைத்துக்கொண்டாள். உச்சியில் ஓட்டுநர்கள் வழக்கமாகச் செய்கிறபடி வண்டியை நிறுத்தி, சின்னக் குப்பியிலிருந்து சாராயம் நாலு சொட்டு நாலு சக்கரத்துக்கும், ஒரு சொட்டு மண்ணுக்கும் தெளித்தாள். அன்று என்ஜினுக்கும் ஒரு சொட்டு சேர்த்துத் தெளித்தாள்.

லா பாஸுக்கு மேலே எல் ஆல்தோவில் இருக்கும் வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சான் ஹுவான் இரவு ஆனதால் அனக்லேத்தோ சூப்புக்குப் பதில் ரொட்டிக்குள் சாசேஜ் வைத்துத் தயாராக வைத்திருந்தான். வருடத்திலேயே குளிர் அதிகமான இரவு இதுதான் என்பார்கள். முன்பெல்லாம் தெருவுக்குத் தெரு தீ மூட்டுவார்கள். இப்போது புகைமூட்டம் என்று நகராட்சி தடை போட்டதில் எல்லாரும் சாசேஜுக்கு மாறிவிட்டார்கள்.

அனக்லேத்தோ கைத்தடியை ஊன்றி வாசலுக்கு வந்து, ஓடிக்கொண்டிருந்த என்ஜினுக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்தான். கொஞ்ச நேரம் கேட்டான். முகம் மலர்ந்தது.

"நல்லாத்தான் இருக்கு. என்ன ஊத்தினே?"

"கெட்டி எண்ணெய். நான் சொன்னது."

"இருபது-ஐம்பதா?"

"ஐம்பது."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடின்னா?"

அவன் காலியான டின்னைக் கேட்டு வாங்கிப் பார்த்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். மலர்ந்த முகத்தில் ஈயாடவில்லை.

"எர்மி, ஒரே ஒரு எண்தான் இருக்கு."

"இருந்தா என்ன."

"ரெண்டு இருக்கணும். முதல் எண் குளிருக்கு, அது எவ்வளவு சின்னதோ அவ்வளவு இளகும். ரெண்டாவது சூட்டுக்கு. இதுல குளிருக்கான எண்ணே கிடையாது. கீழ குளிரே இல்ல, அவங்களுக்கு எதுக்கு அது? நாளைக்குக் காலைல இங்க மைனஸ் ஒன்பது போகும்னு ரேடியோல சொன்னான். இது உள்ள மெழுகாயிடும்."

"காரணாவியில எல்லாரும் இதுதான் ஊத்தறான்."

"காரணாவியில எல்லாரும் பனியனோட திரியறான். நீ இங்க திரிவியா?"

எர்மினியாவுக்குக் கோபம் தலைக்கேறியது. அவன் சரியாகச் சொல்கிறான் என்று தெரிந்ததால் இன்னும் ஏறியது. "ஒரு வருஷமா கெட்டியானதே வேணாம்னு புத்தகத்தைக் கட்டிக்கிட்டு அழுதது யாரு? அன்னிக்கே இருபது-ஐம்பது ஊத்தியிருந்தா நான் ஏன் அந்தப் பனியன்காரன்கிட்ட போறேன்?" என்றாள். அனக்லேத்தோ டின்னைக் கீழே வைத்தான். அதுவும் சரிதான் என்று அவனுக்கும் தெரிந்தது. இரண்டு பேரும் சாசேஜ் ரொட்டியைத் தின்றார்கள். பண்டிகை என்று கடைகள் எல்லாம் அடைத்தாகிவிட்டது. என்ஜின் மேல் இரண்டு கம்பளியும் பழைய மெத்தையும் போர்த்திவிட்டுப் படுத்தார்கள்.

காலை மூன்றே முக்காலுக்கு எர்மினியா சாவியைத் திருப்பினாள். உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது. இன்னொரு தரம் திருப்பினாள். பாதி முனகலோடு நின்றுவிட்டது. மூன்றாவது தடவை டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அளவு பார்க்கும் கம்பியை உருவினால் எண்ணெய் சொட்டவே இல்லை, அதிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதிகாலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு கட்டடத் தொழிலாளிகளைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னாள். கியரில் போட்டுக் கிளட்சை விட்டதும் சக்கரம் சுற்றாமல் உறைபனியில் சறுக்கிக்கொண்டே போனது. தொழிலாளிகள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நழுவிவிட்டார்கள்.

"அடியில நெருப்பு வைக்கணும்," என்றான் அனக்லேத்தோ. "எண்ணெய்ச் சட்டிக்குக் கீழ. எங்கப்பா லாரிக்கு அப்படித்தான் பண்ணுவார்."

"நெருப்புக்கு எங்க போறது? நம்மகிட்ட இருக்கறது கேஸ் அடுப்பு."

அவன் கைத்தடியால் தெருவின் கோடியைக் காட்டினான். நாலு வீடு தள்ளி, மதிலுக்கு மேலே மெல்லியதாகப் புகை போய்க்கொண்டிருந்தது. தெருவிலேயே நகராட்சித் தடையை மதிக்காத வீடு அது ஒன்றுதான். ருஃபினோவின் அம்மா, நான் செத்தபிறகு தடையைப் போடுங்கள் என்று வருடாவருடம் தீ மூட்டிவிடுவாள்.

எர்மினியா அசையவில்லை. ருஃபினோவுக்கு ஒரு புது வண்டி இருந்தது. பதினான்கு மாதமாகப் பட்டியலில் காத்துக்கொண்டிருந்தான். போன அக்டோபர் கூட்டத்தில், இன்னொரு வண்டியைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டபோது, வேண்டாம் என்று தூக்கிய கைகளில் எர்மினியாவின் கையும் ஒன்று. வண்டி கூடினால் முறை குறையும் என்பதுதான் காரணம், அவன்மேல் கோபம் எதுவும் இல்லை. ஆனால் அவன் பின்வரிசையில் உட்கார்ந்து எல்லாக் கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தான். இன்று அவள் தவறினால் பதில் வண்டியாக நிற்கவேண்டியவனும் அவன்தான். ஐந்து மணிக்கு வில்லா பாத்திமாவில் இரு என்று சங்கத்தில் சொல்லியிருப்பார்கள். அவன் வண்டியின் விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது.

"நான் போறேன்," என்று அனக்லேத்தோ தடியை ஊன்றினான்.

"நீ போய்ச் சேர்றதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும்," என்று சொல்லிவிட்டு அவளே நடந்தாள். அந்த நாலு வீட்டுத் தூரத்தை அவள் ஆயுசுக்கும் மறக்கமாட்டாள். அவ்வளவு வெட்கமாக இருந்தது.

ருஃபினோ தன் வண்டியின் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் சுரண்டுவதை நிறுத்தினான்.

"அக்கா, வண்டி எடுக்கலையா? சத்தம் கேட்டுது."

"எண்ணெய் உறைஞ்சுபோச்சு. கொஞ்சம் தணல் வேணும்."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு தன் வண்டியைப் பார்த்தான். ருஃபினோ உள்ளே போனான். வெளியே வரும்போது ஒரு தகரத் தகட்டில் குவியலாகத் தணலும், தோளில் மண்வெட்டியும் இருந்தன.

எண்ணெய்ச் சட்டியில் கசிவு இருந்தது. அனக்லேத்தோ துணியைக் கொடுத்து முதலில் அதைத் துடைக்கச் சொன்னான், இல்லாவிட்டால் வண்டியே சான் ஹுவான் தீ ஆகிவிடும் என்றான். எர்மினியா துடைத்தாள். ருஃபினோ மல்லாந்து படுத்துத் தகட்டை அடியில் தள்ளி, ஒரு சாண் இடைவெளி இருக்கும்படி மண்வெட்டியால் தாங்கிக்கொண்டான். இருபது நிமிடம் அப்படியே கிடந்தான். இரண்டு தரம் தணல் மாற்றினார்கள். முடிவில் அனக்லேத்தோ அளவுக் கம்பியை உருவிப் பார்த்தான். நுனியிலிருந்து ஒரு சொட்டு, தயங்கித் தயங்கிக் கீழே விழுந்தது.

சாவியைத் திருப்பினாள். முனகியது, இருமியது, பிடித்துக்கொண்டது. மேலே வால்வுகள் வறண்டுபோய்த் தடதடத்தன. "மிதிக்காத, மிதிக்காத, எண்ணெய் மேல ஏறட்டும்," என்று அனக்லேத்தோ கத்தினான். ஒரு நிமிடத்தில் தடதடப்பு அடங்கியது. மாதா இரண்டு தரம் சிவந்து, பிறகு வெளுத்தாள்.

ருஃபினோ எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டான். தலைமுடியெல்லாம் சாம்பல்.

"ஏன் குடுத்தே?" என்று எர்மினியா கேட்டுவிட்டாள். கேட்காமல் இருந்திருக்கலாம், முடியவில்லை.

"சான் ஹுவான் நெருப்பு அக்கா. யார் கேட்டாலும் குடுக்கணும்னு அம்மா கறாரா சொல்லுவா. பேட்டரி கேட்டிருந்தீங்கன்னா குடுத்திருக்க மாட்டேன்."

அவன் சிரிக்கவில்லை. நடந்துபோய்த் தன் வண்டியில் ஏறினான்.

மலைப்பாதையில் லா பாஸுக்குள் இறங்கும்போது அவன் விளக்கு அவள் கண்ணாடியில் தெரிந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் என்ஜின் நின்றுவிடுமோ என்று அவள் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. நின்றுவிட்டால் அவன் ஹாரன் அடிக்காமல் சுற்றிக்கொண்டு முன்னால் போய்விடுவான், அதுதான் நியாயமும். வில்லா பாத்திமாவில் நுழையும்போது ஐந்து இருபத்தாறு. நிலையப் பொறுப்பாளர் தோன் பிளாசிதோ சிலேட்டுப் பலகையில் முதல் வரிசையில் ருஃபினோவின் வண்டி எண்ணைப் பாதி எழுதியிருந்தார். எர்மினியாவின் என்ஜின் சத்தத்தைக் கேட்டுத் திரும்பிப் பார்த்துவிட்டு, எழுதியதைக் கைக்குட்டையால் துடைத்தார்.

பயணிகள் ஏறினார்கள். ருஃபினோ ஓரமாக வண்டியை நிறுத்தி, ஊதா நிற ஆப்பி கஞ்சி ஒரு குவளை வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தான். எர்மினியா ஜன்னலை இறக்கினாள்.

"ருஃபினோ. அடுத்த கூட்டம் எப்போ?"

"வர்ற வியாழக்கிழமை."

"சரி."

"மொதல்ல எண்ணெயை மாத்துங்க அக்கா," என்றான்.

அவள் கிளம்பினாள். கண்ணாடியில் அவன் வண்டி காலியாகத் திரும்பி, வந்த வழியே மேலே ஏறுவது தெரிந்தது. முன்சீட்டில் இருந்த ஆசிரியர் ஒருவர், "ஏங்க, நாற்பதுலதான் போறோம்," என்றார். அவள் கியரை மாற்றினாள்.

காரணாவியில் ஒஸ்வால்தோவிடம் அந்த டின்னைக் காட்டி ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். பிறகு கடையில் இருந்த ஒவ்வொரு டின்னையும் தானே கையிலெடுத்துப் படித்தாள். இருபது-ஐம்பது இருந்தது. அதற்குப் பின்னால், தூசி படிந்து, பதினைந்து-ஐம்பது ஒன்று இருந்தது. கீழே வெயிலில் கெட்டியாக நிற்கும், மேலே குளிரில் கொஞ்சமாவது அசையும். மேலேயும் கீழேயும் போகிறவர்களுக்கு என்று யாரோ யோசித்துச் செய்தது. அதை ஊற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அனக்லேத்தோ டின்னை வாங்கி இரண்டு எண்களையும் உரக்கப் படித்தான். படித்துவிட்டுப் புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினான்.

வியாழக்கிழமை கூட்டத்தில், இன்னொரு வண்டியைச் சேர்க்கலாமா என்ற பேச்சை எர்மினியாவே எடுத்தாள். சேர்க்கலாம் என்பவர்கள் கையைத் தூக்கச் சொன்னார்கள். இருபத்தொரு கை வேண்டும். பத்தொன்பதுதான் எழுந்தது. ருஃபினோ பின்வரிசையில் உட்கார்ந்து எண்ணினான். அவள் கை எழுந்ததையும் பார்த்தான். கலையும்போது அவள் பக்கமாக வந்தான்.

"என்ன எண்ணெய் ஊத்தினீங்க?"

"பதினஞ்சு-ஐம்பது."

"காலைல பிடிக்குதா?"

"பிடிக்குது."

தலையை ஆட்டிவிட்டு வெளியே போனான். எர்மினியா நாற்காலியில் உட்கார்ந்தபடியே, கைதூக்காத இருபத்திரண்டு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். யாருக்கு எந்தக் காலையில் யார் உதவினார்கள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். எழுந்து, கோட்டை மாட்டிக்கொண்டு, அடுத்த கூட்டத்துக்கு இன்னும் வேண்டிய இரண்டு கைகளுக்காக, கைதூக்காதவர்களில் முதலில் தோன் பிளாசிதோவிடம் போனாள்.